அம்மாவின் எண்ணை போர்ட் செய்யும் முன் ஃபோனைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குத் தமிழ்நாடு போகும்போது, நாம் பயன்படுத்திய ஃபோனை அம்மா அப்பாவுக்கு எடுத்துப்போவது வழக்கம்தான். போய் இறங்கியதும் “இந்த சிம் வீட்டுக்குள்ள டவரே எடுக்கல, வேற கம்பெனிக்கு மாத்திக் கொடுத்துட்டுப் போ” என்பார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போதுதான் கவனம் தேவை. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவதுதான் போர்ட். ஒருமுறை போர்ட் செய்த எண்ணை 90 நாள் கழித்துத்தான் மறுபடி மாற்ற முடியும். அதற்குள் உங்கள் லீவு முடிந்துவிடும்.

முதலில் லாக், அதாவது விற்ற கம்பெனியின் சிம் மட்டுமே வேலை செய்யும்படி ஃபோனைப் பூட்டி வைத்திருப்பது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய், கேரியர் லாக் என்ற இடத்தில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. லாக் இருந்தால் விமானம் ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து அந்தக் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது, ஃபோனுக்குள்ளேயே பதிவாகும் இசிம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் பேண்ட், அதாவது ஃபோன் சிக்னல் வாங்கும் அலைவரிசை. ஒரே பெயரில் விற்கும் ஃபோனிலும் நாட்டுக்கு நாடு பேண்ட் மாறும். அதனால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். ஜியோவின் 4ஜிக்கு 3, 5, 40 ஆகிய பேண்டுகள் வேண்டும். இதில் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். சுவரைத் தாண்டி உள்ளே வருவது அதுதான். வீட்டுக்குள் டவர் வேண்டும் என்று மாறுகிறவர்கள் அதை முக்கியமாகப் பார்க்க வேண்டும். பிஎஸ்என்எல் 4ஜி என்றால் 28-ஐத் தேடுங்கள். 5ஜி வராவிட்டால் விடுங்கள், அம்மாவுக்கு அது அவசியமில்லை.

பலர் மாட்டிக்கொள்வது 4ஜி வழியாகப் பேச உதவும் வோல்ட்இ வசதி விஷயத்தில். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டுமே இல்லை. குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். வெளிநாட்டில் விற்ற சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இந்திய நெட்வொர்க்குக்கு அந்த வசதி திறந்திருக்காது. வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும், சாதாரண கால் மட்டும் போகாது. ஏர்டெல்லில் 2ஜி இன்னும் இருப்பதால் அப்படிப்பட்ட ஃபோனிலும் பேசிவிடலாம்.

இதற்குச் சுலபமான சோதனை உண்டு. மாறப்போகும் கம்பெனியின் சிம் வைத்திருக்கும் உறவினரிடம் பத்து நிமிடம் வாங்கி அந்த ஃபோனில் போடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, அம்மா வழக்கமாக உட்காரும் அறையிலிருந்தே ஒரு கால் செய்யுங்கள், ஒரு காலை வாங்குங்கள். ஓடிபி வருமா என்று பார்க்க ஒரு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி என்றால், PORT என்று டைப் செய்து இடம் விட்டு எண்ணைச் சேர்த்து, அந்த எண்ணிலிருந்தே 1900-க்கு அனுப்புங்கள். ப்ரீபெய்ட் மீதிப் பணம் புதிய சிம்முக்கு வராது. மாற்றம் நடந்து முடியச் சில நாள் ஆகும் என்பதால், ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே இதை ஆரம்பித்துவிடுங்கள்.