அமெரிக்கன் ஃபுட்பால்: டிஃபென்ஸுக்குக் குரல் கொடுப்பது எந்த இடத்து ஆட்டக்காரர்?

கபடி ஆடிப் பழகிய பையன்களை வைத்து வேலூரில் அமெரிக்கன் ஃபுட்பால் அணி கட்டுகிறவர்கள், டிஃபென்ஸின் (எதிரணி பந்தோடு முன்னேறாமல் தடுக்கும் பதினொருவரின்) தலைமையைக் கார்னரிடம், அதாவது ஓரத்தில் நிற்பவரிடம், கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். கபடியில் அது சரிதான். ஆண்கள் ஆடுகளத்தின் அகலம் 10 மீட்டர். கார்னர் கையைச் சுண்டினாலே சங்கிலி முழுக்கத் தெரிந்துவிடும். இங்கே மைதானத்தின் அகலம் 53⅓ கெஜம், ஏறக்குறைய 49 மீட்டர். கோட்டோரம் நிற்கும் கார்னர்பேக் கத்தினால் எதிர்க்கோடியில் இருப்பவருக்குக் கேட்காது. பெயர் ஒன்று, வேலை வேறு.

முதலில், தலைவர் செய்யவேண்டிய வேலையைப் பார்ப்போம். ஒரு ஆட்டம் (முழுப் போட்டி அல்ல, பந்து பின்னால் போனதிலிருந்து நிற்கும்வரை நடக்கும் ஒரு முயற்சி) முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதற்குள் பயிற்சியாளரின் சைகையை வாங்கி, வட்டமாகக் கூடி நிற்கும் அணிக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும். எதிரணி வரிசைக்கு வந்ததும், வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதைப் பலமான பக்கமாக அறிவித்து, முன்வரிசையை நகர்த்த வேண்டும். கடைசி நேரத்தில் எதிரணியில் ஒருவர் இடம் மாறி ஓடினால் அதற்கேற்ற மாற்றத்தையும் சொல்ல வேண்டும். இத்தனையும் முடித்துவிட்டு, பந்து பின்னால் போகும் நொடியில் தன் சொந்த வேலையையும் தவறாமல் செய்ய வேண்டும்.

ஆகவே அந்த ஆள் நடுவில் நிற்க வேண்டும், எதிரணியை முழுசாகப் பார்க்க வேண்டும், ஒரு ஆட்டத்துக்குக்கூட வெளியே போகக் கூடாது. முன்வரிசைக்காரர்கள் இதில் அடிபட்டுப் போகிறார்கள். கையை மண்ணில் ஊன்றிக் குனிந்திருப்பவருக்கு எதிரே நிற்பவரைத் தவிர வேறொன்றும் தெரியாது. தவிர, வேலூர் வெயிலில் அவர்களைச் சில ஆட்டங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். மிஞ்சுவது முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் மிடில் லைன்பேக்கரும், எல்லோருக்கும் பின்னால் நிற்கும் சேஃப்டியும்தான்.

புதிய அணிக்கு எங்கள் தீர்ப்பு மிடில் லைன்பேக்கர். முன்வரிசைக்கு 4, 5 கெஜம் பின்னால் நிற்பதால், திரும்பிப் பார்க்க முடியாத முன்வரிசைக்காரரின் இடுப்பில் தட்டியே நகர்த்திவிடலாம். 12 கெஜம் தள்ளி நிற்கும் சேஃப்டியால் அது ஆகாது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் 2008-இல் டிஃபென்ஸில் ஒரே ஒருவரின் ஹெல்மெட்டில் பயிற்சியாளரின் குரலைக் கேட்கும் வானொலி வைக்க அனுமதித்தபோதும், பெரும்பாலான அணிகள் அதை இந்த இடத்துக்காரருக்கே கொடுத்தன. அந்த ஹெல்மெட்டின் பின்னால் பச்சைப் பொட்டு இருக்கும்.

ஆனால் சேஃப்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அணிகளும் உண்டு. எதிரணிகள் பாஸையே (பந்தை எறிவதையே) நம்பி ஆடுபவை என்றால், பாஸ் தடுப்புக்காக லைன்பேக்கரை வெளியே எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், குரலும் அவரோடு வெளியே போய்விடும். இன்னொரு சிக்கல்: பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நின்ற ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பக்கவாட்டில் விலகிப் போய் நிற்கும்போது, அவரைக் காக்கும் பொறுப்பு உங்கள் மிடில் லைன்பேக்கருடையது என்றால் அவரும் நடுவை விட்டுப் பின்னாலேயே போகவேண்டும். அந்த ஒரு அமைப்புக்கு மட்டும் சேஃப்டி குரலை எடுத்துக்கொள்வார் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் இருவரும் கத்துவார்கள், அல்லது இருவரும் சும்மா இருப்பார்கள்.

இடம் முடிவான பிறகு ஆளைச் சோதியுங்கள். பந்து வேண்டாம். 11 பேரை எதிரணியாக வரிசையில் நிறுத்தி 20 அமைப்புகளைக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் 8 விநாடிக்குள் பலமான பக்கம், முன்வரிசை, பின்வரிசைக் காப்பு மூன்றையும் சொல்ல வேண்டும். 17 சரியாக வந்தால் போதும். இதைப் பயிற்சியின் தொடக்கத்தில் வைத்தால் பயனில்லை. 40 கெஜ ஓட்டம் ஆறு ஓடவிட்டு, மூச்சிரைக்கும்போதே வையுங்கள். பக்கத்தில் மேளமும் அடிக்கட்டும். எல்லோரையும்விட வேகமாக ஓடுபவர் இங்கே தோற்றுப்போவதும், அமைதியான பையன் ஜெயிப்பதும் நடக்கும். முடிவை மாற்றாதீர்கள்.

சொற்களில்தான் நம் ஊர் அணிகள் கவனமாக இருக்கவேண்டும். ‘வலது’, ‘இடது’ என்று கத்தினால் தூரத்தில் கேட்பது இரண்டுக்கும் பொதுவான வால்தான். பாதி அணி எதிர்ப்பக்கம் நகரும். முதலெழுத்தை வைத்துக்கொண்டு வலதுக்கு ‘வாலாஜா’, இடதுக்கு ‘இலவம்பாடி’ என்று வையுங்கள். நீளமே வேறு என்பதால் இரைச்சலிலும் பிரித்துக் கேட்கலாம். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்ல வேண்டும். கேட்டவர் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். மவுத்கார்டை (பல் காப்பை) கடித்துக்கொண்டு கத்தினால் ஒன்றும் விளங்காது. ஹெல்மெட் கம்பியில் கயிற்றோடு மாட்டும் வகையை வாங்கிக் கொடுத்து, சொல்லி முடித்ததும் திரும்பக் கடிக்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: தலைவர் கடைசி நொடிவரை பிறரைத் திருத்திக்கொண்டே இருப்பார், முன்வரிசையில் தான் அடைக்க வேண்டிய இடைவெளியைக் காக்க மறப்பார், எதிரணி அங்கேயே ஓடிப் பத்து கெஜம் எடுக்கும். பந்தைப் பின்னால் கொடுக்கும் எதிரணி சென்டர் பந்தில் கை வைத்ததும் திருத்துவதை நிறுத்திவிட வேண்டும் என்பது கட்டாய விதியாக இருக்கட்டும். அப்போது யாராவது தவறான இடத்தில் நின்றால் நிற்கட்டும். ஒருவர் தவறுவது இருவர் தவறுவதைவிட மேல்.

நாணயம் சுண்டும்போது போய் நிற்கும் கேப்டனும் இவரே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த மரியாதையை மூத்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கலாம்.

பாதுகாப்புக் கவசம் வாங்கப் பணம் சேரும்வரை ஐவர் ஃப்ளாக் ஃபுட்பால் (ஆளை மடக்கி வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் பட்டையை உருவும் ஆட்டம்) ஆடுகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அங்கே மைதானத்தின் அகலம் 25 கெஜம்தான். குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர் 7 கெஜம் தள்ளி நின்று புறப்படுவார். இடுப்பில் தட்டி நகர்த்த முன்வரிசையே கிடையாது. பின்னால் தனியாக நிற்கும் சேஃப்டிக்கு எல்லோரும் தெரிவார்கள், அவர் குரலும் எல்லோருக்கும் எட்டும். அவரிடமே கொடுத்துவிடுங்கள். பிறகு பதினொருவர் ஆட்டத்துக்கு மாறும்போது, அதே பையனை மிடில் லைன்பேக்கர் இடத்தில் நிறுத்தி 20 அமைப்புச் சோதனையை மறுபடி வையுங்கள்.