'டக்' சத்தத்தோடு நின்றுவிடும் கார்: பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள் 'டக்' என்று கேட்கிறது. ஆனால் என்ஜின் சுற்றவில்லை. இதைத்தான் நாம் செல்ஃப் எடுக்கவில்லை என்கிறோம். இந்த நிலையில் பலரும் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டிய பகுதிகளில் இரவு முழுவதும் தெருவிலேயே நிற்கும் கார்களைப் பொறுத்தவரை, அதற்கு முன் டெர்மினலையும் (பேட்டரியின் பிளஸ், மைனஸ் இணைப்பு முனைகள்) எர்த் ஒயரையும் (மைனஸ் முனையைக் காரின் பாடியோடும் என்ஜினோடும் இணைக்கும் ஒயர்) பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உப்புக்காற்று முதலில் அரிப்பது வெளியே தெரியும் உலோக இணைப்புகளைத்தான். இணைப்பு கெட்டால் நல்ல பேட்டரியும் செத்த பேட்டரியைப் போலவே நடந்துகொள்ளும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின்போது போல, கார் வெள்ளத்தில் நின்றிருந்தாலோ, நீர் தேங்கிய சுரங்கப்பாதையில் அணைந்துவிட்டிருந்தாலோ, சாவியை மறுபடியும் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. வலுக்கட்டாயமாகச் சுற்றவைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தக் காரைக் கட்டி இழுத்துச் சென்று, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதே சரியான வழி.

வெள்ளத்தில் சிக்காத காராக இருந்தால், கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுச் சத்தத்தைக் கவனியுங்கள். 'டக்டக்டக்' என்று விடாமல் வேகமாக அடித்தால், என்ஜினைச் சுற்றவைக்கும் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, அந்த நொடியே மின்னழுத்தம் சரிந்து விட்டுவிடுகிறது, சுமை நீங்கியதும் மறுபடி இழுக்கிறது என்று பொருள். போதுமான மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. காரணம் பேட்டரியாகவோ இணைப்பாகவோ இருக்கும். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் மோட்டார் மீதும் சந்தேகம் விழ வேண்டும். இதை உறுதிப்படுத்த, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைந்துபோகும் அளவுக்கு மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். விளக்கு சற்றும் குறையாமல் எரிந்தால் கோளாறு பெரும்பாலும் மோட்டாரிலோ அதன் ஒயரிலோ ரிலே எனும் சிறு மின்சுவிட்சிலோ இருக்கும்.

இப்போது டெர்மினலுக்கு வருவோம். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் மேலே பளிச்சென்று இருந்து, ஒயரைப் பேட்டரியோடு பிடித்திருக்கும் கிளாம்பின் உட்புறத்தில் மட்டும் கருத்த படலம் படிந்திருப்பதும் உண்டு. கையால் திருகிப் பார்க்கும்போது கிளாம்பு அசைந்தால் அதுவே போதிய சான்று. சுத்தம் செய்யும்போது, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, விரலில் மோதிரம், கையில் வாட்ச் இருந்தால் அவற்றையும் கழற்றிவிடுங்கள். மைனஸ் பக்கத்தை முதலில் கழற்ற வேண்டும். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டவுடன் ஷார்ட் ஆகிவிடும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். அந்தக் கரைசல் பேட்டரிக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதால் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்த பிறகு, கிளாம்பின் உள்வளையத்தையும் பேட்டரிக் கம்பத்தையும் உலோகம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பிளஸ்ஸை முதலிலும் மைனஸ்ஸைப் பின்னரும் மாட்டி இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசுங்கள். கடலோரத்தில் வசிப்பவர்கள் இந்தப் பூச்சை மறக்கவே கூடாது.

அதன் பிறகும் செல்ஃப் எடுக்காவிட்டால், வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் தேவைப்படும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரியில் முழு சார்ஜ் உள்ளது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி; 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் பாருங்கள்: 9.6-க்கும் கீழே சரிந்தால், சார்ஜ் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும். முழு சார்ஜிலும் சரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. மின்னழுத்தம் சரியாமல் நின்றும் மோட்டார் சுற்றவில்லையென்றால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜினின் பூச்சில்லாத உலோகத்திலும் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் எர்த் ஒயர் கெட்டிருக்கிறது. சேசிஸில் அது பூட்டப்பட்ட இடத்தில் துரு ஏறியிருப்பதை அங்கே காணலாம்.

அவசரத்துக்கு வேறொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போடலாம். சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸிலும் பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸிலும் கடைசியாக உங்கள் காரின் என்ஜின் உலோகத்திலும் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால், கடைசி இணைப்பில் எழும் தீப்பொறி அதனருகே இருக்கக் கூடாது. கியர் கார் என்றால் இரண்டாவது கியரில் தள்ளியும் கிளப்பலாம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது.

பேட்டரியும் இணைப்புகளும் நன்றாக இருந்து ஒற்றை 'டக்' மட்டும் கேட்டால், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, எட்டக்கூடிய இடத்திலிருந்தால் செல்ஃப் மோட்டாரின் உடலை ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உடனே சுற்றினால், மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பிரஷ்ஷை மட்டும் மாற்றித் தருவார்கள். முழு மோட்டாரையும் மாற்ற ஒப்புக்கொள்ளும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

கார் கிளம்பியதும், என்ஜின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐக்கூட எட்டவில்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும், நாம் டைனமோ என்றழைக்கும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ சரியில்லை. அதைச் சீர்செய்யாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் விரைவிலேயே இறங்கிவிடும்.