ஸ்கேன் செய்த தமிழ்ப் பாடநூலைப் பார்வையற்ற மாணவர் கேட்டுப் படிக்கும்படி மாற்றுவது எப்படி?

பாடநூலை ஸ்கேன் செய்து பிடிஎஃப் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று பல கல்லூரி நூலகங்கள் இருந்துவிடுகின்றன. அந்த பிடிஎஃப் வெறும் படம். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் அதில் ஒரு சொல்லைக்கூட வாசிக்காது. எழுத்தாக மாற்றித் தர வேண்டும். காப்புரிமையை நினைத்துத் தயங்க வேண்டாம். 1957ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு இதற்கு இடம் தருகிறது. லாபம் பார்க்கக் கூடாது, பிரதி கடைச் சரக்காகிவிடவும் கூடாது.

முதலில் எந்த அலகு அவசரம் என்று மாணவரிடமே கேளுங்கள். முழு நூலையும் எடுத்தால் தேர்வே முடிந்துவிடும்.

ஸ்கேனரில் தெளிவு 300 டிபிஐ, நிறம் கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்) என்று வையுங்கள். தையல் ஓரம் வளைந்தால் அங்குள்ள எழுத்து சிதையும். நூலை நன்றாக அழுத்திப் பிடியுங்கள். பத்துப் பத்துப் பக்கமாகச் சேமித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகிவிடும். பெரிய கோப்பென்றால் பாதியில் நின்றுவிடும்.

அடுத்தது பிழைதிருத்தம். நேரமெல்லாம் இதில்தான் போகும். துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்வதால் ‘பாடம்’ ‘பரடம்’ ஆகும். வரிக்கடைசியில் உடைந்த சொல் ‘மாணவர் களுக்கு’ என்று இரண்டாகக் கிடக்கும். பக்கத் தலைப்பு வாக்கியத்தின் நடுவே புகுந்திருக்கும். கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும், காது பிடித்துவிடும். ஆகவே இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடரை நிறுவி, அதனுடன் வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரலில் கேட்டபடியே திருத்துங்கள். குரல் கொஞ்சம் இயந்திரத்தனம்தான், இரண்டு நாளில் பழகிவிடும்.

பதிப்பகம் மென்பிரதி தந்தாலும் திறந்து பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் திரையில் தமிழ் தெரியும், குரலோ ஆங்கில எழுத்துகளை உளறும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மற்ற வேலை.

பிறகு வேர்டில் அலகுத் தலைப்புக்கு ‘ஹெடிங் 1’, உட்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’ கொடுங்கள். எழுத்தைத் தடிமனாக்கினால் மட்டும் போதாது. ஸ்கிரீன் ரீடருக்கு அது தலைப்பு அல்ல. அச்சுப் பக்க எண்ணை ‘ஹெடிங் 6’ ஆக வையுங்கள். ஆசிரியர் ‘47ஆம் பக்கம்’ என்றால் மாணவர் உடனே அங்கே போகலாம். படத்துக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். ‘வரைபடம்’ என்று மட்டும் போட்டால் பயனில்லை.

கடைசியாகத் திரையை அணைத்துவிட்டு என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) ஸ்பேஸ் அழுத்தி, எச் விசையால் தலைப்பு தலைப்பாகத் தாவிப் பாருங்கள். எங்காவது தாவாமல் போனால் அந்தத் தலைப்புக்கு ஸ்டைல் விட்டுப்போயிருக்கும். கோப்புக்கு ‘ஸ்கேன் 3’ என்று பெயர் வைக்காமல் ‘அலகு 2, பக்கம் 31–58’ என்று வைத்து அனுப்புங்கள்.