திருகோணமலையில சின்ன சோலார் பற்றரி செட்: மாரிக்குக் கணக்குப் பாத்துப் போடுங்க

முதல்ல ஒரு குழப்பத்தத் தீர்த்துட்டு வாறன்: கூரையில சோலார் இருந்தாலே லைன் போனாலும் வீட்டில கரண்ட் இருக்கும் எண்டு இல்ல. கூரை நிறையப் பனல் போட்டு மின்சார சபைக்கு கரண்ட் விக்கிற ஆக்களுக்கும், பற்றரி இல்லையெண்டா லைன் போனதும் இருட்டுதான். அந்த ஒன்கிரிட் இன்வெட்டர் (பனல்ட டி.சி. கரண்ட வீட்டு ஏ.சி. கரண்டா மாத்தி லைனோட சேக்கிற பெட்டி) லைன்ல வோல்டேஜ் காணாட்டி தானா நிண்டுடும், கம்பத்தில ஏறி வேலை செய்யிற ஆளுக்கு ஷொக் அடிக்கக் கூடாதெண்டுதான் அப்பிடிச் செஞ்சிருக்கு. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க கரண்ட் போச்சே, அது நல்ல பகல், ஆனா வெறும் ஒன்கிரிட் வச்சிருந்த வீடுகள்ல ஃபேன் கூடச் சுத்தேல்ல. இங்க நான் சொல்லப்போறது அது இல்ல, ஒரு பனல், ஒரு பற்றரி, லைட்டும் ஃபேனும் ரவுட்டரும் ஓடுற அளவுக்கு, லைனோட சம்பந்தமே இல்லாத சின்ன செட்.

கடைக்குப் போக முதல் ஒரு பேப்பர எடுத்து ராவைக்கு என்னென்ன ஓடவேணும் எண்டு எழுதுங்க. மூண்டு 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் 5 மணித்தியாலம் எரிஞ்சா 135 வாட் அவர் (வாட்ட மணித்தியாலத்தால பெருக்கினது). பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், அத 30 வாட் பி.எல்.டி.சி. (குறைஞ்ச கரண்ட்ல சுத்திற மோட்டர்) ஃபேனா மாத்தினா 8 மணித்தியாலத்துக்கு 240 தான், உண்மையச் சொன்னா பெரிய பற்றரி வாங்கிறத விட ஃபேன மாத்திறதுதான் மலிவு. ரவுட்டர் 10 வாட், 10 மணித்தியாலம், 100. ஃபோன் சார்ஜுக்கு ஒரு 30 போடுங்க. எல்லாம் சேத்து 500 சொச்சம், இன்வெட்டர்லயும் வயர்லயும் போற நட்டத்தையும் போட்டா 600 எண்டு வைங்க. ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டர், அயன் பொக்ஸ் இந்தக் கணக்குக்குள்ள வராது, "அதையும் கொஞ்சம் போட்டுப் பாப்பம்" எண்டு ஆரம்பிச்சா செலவு எங்கயோ போய் நிக்கும்.

இப்ப பற்றரி. லித்தியம் அயர்ன் பொஸ்பேட் 12.8 வோல்ட் 100 ஆம்பியர் அவர் எண்டா 1280 வாட் அவர், அதில 90 வீதம் எடுக்கலாம், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு ராவு. ஈய அசிட் பற்றரி வாங்கக்குள்ள மலிவுதான், ஆனா பாதிக்கு மேல இறக்கினா ஆயுள் போயிடும், தண்ணி ஊத்திப் பாக்கவேணும், சார்ஜ் ஏறக்குள்ள ஹைட்ரஜன் வாயு வேற விடும், அதால படுக்கிற அறைக்குள்ள வைக்கவே வேணாம். கையில காசு இருந்தா லித்தியம். உள்ளுக்கு பி.எம்.எஸ். (அளவுக்கு மேல ஏறாம இறங்காம பற்றரியக் காக்கிற சர்க்கிட்) இருக்கா எண்டு கேட்டு வாங்குங்க, எந்தப் பற்றரியா இருந்தாலும் வெயில் படாத காத்தோட்டமான இடத்தில வைங்க.

பனலுக்கு வந்தா, இங்கதான் நம்மட ஆக்கள் கணக்க விடுறது. கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடியில வெயில் தாராளம், 150 வாட் பனலே ஒரு நாளைக்கு 500க்குக் கிட்டத் தந்துடும், அதப் பாத்திட்டு போதும் எண்டு நினைப்பம். கார்த்திகை மார்கழியில வானம் மூடி நாள் கணக்கா மழை ஊத்தக்குள்ள அதே பனல் கால்வாசி கூடத் தராத நாள் வரும், கரண்ட் அடிக்கடி போறதும் அந்த நேரந்தான். அதால மாரிக்குத்தான் அளவு எடுக்கவேணும்: 400 வாட் பனல் ஒண்டு போடுங்க. கோடையில மிஞ்சும், மிஞ்சட்டும், பகல்ல ஃபேனப் போட்டுட்டு இருங்க.

பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில நிண்டு சார்ஜப் பாக்கிற பெட்டிதான் கொன்ட்ரோலர். அந்த 400 வாட் பனல் ஒண்டிலயும் பூட்டாம சும்மா நிக்கக்குள்ள 37 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டும், அதுக்கு பனல்ட கூடின வோல்டேஜ பற்றரிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற எம்.பி.பி.டி. கொன்ட்ரோலர்தான் சரி, 30 ஆம்பியர், 100 வோல்ட் வரைக்கும் தாங்கிறது. மலிவான பி.டபிள்யூ.எம். கொன்ட்ரோலர் பனல பற்றரி வோல்டேஜுக்கே இழுத்துப்போடும், பாதிக்கு மேல வீணாப் போகும். கடையில எம்.பி.பி.டி. எண்டு ஸ்டிக்கர் ஒட்டின பி.டபிள்யூ.எம். பெட்டியும் கிடக்கும், கையில எடுத்துப் பாருங்க, 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. பாரமா, பின்னால அலுமினியத் தகட்டோட இருக்கும், சோப்புப் பெட்டி மாதிரி லேசா இருந்தா வச்சிட்டு வாங்க.

கூரையில பனல் தெற்குப் பாத்து, 10 டிகிரி சரிவு, அவ்வளவுதான், நாங்க இருக்கிறதே 8.5 டிகிரி வடக்கில. அதுக்குக் குறைச்சு மட்டமா வச்சா மழைத்தண்ணி தேங்கி அழுக்குப் படியும். பனலுக்கும் தகரத்துக்கும் இடையில ஒரு சாண் இடைவெளி விடுங்க, சூடு கூடக் கூட பவர் குறையும். தென்னோலை நிழல் ஒரு மூலையில விழுந்தாலே பனல்ல மூண்டில ஒரு பங்கு அணைஞ்ச மாதிரிப் போயிடும், காலம பத்து மணிக்கும் பின்னேரம் மூண்டு மணிக்கும் ஏறி நிழல் எங்க விழுகுதெண்டு பாத்திட்டுத்தான் இடம் குறியுங்க. அஸ்பெஸ்டஸ் சீட்ல கால் வைக்காதீங்க, பலகை போட்டு ஏறுங்க. பிரேம தகரத்தில இல்ல, கைமரத்தில போல்ட் போட்டு இறுக்கவேணும், 2020 டிசம்பர்ல புரெவிப் புயல் நமக்கு வடக்கால கரையேறினது, பனல் எண்டது காத்துக்குப் பட்டம் போலதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருந்தா சாதாரண இரும்பு ஆணி பூரா துருவாப் போயிடும், அலுமினிய பிரேமும் 316 ஸ்டெயின்லஸ் போல்ட்டும் கேளுங்க.

வயர்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிற இடம், மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் அதுதான். பனல்ல இருந்து வாற பக்கம் 30 வோல்ட் சொச்சத்தில 13 ஆம்பியர்தான், 4 எம்.எம். (சதுர மில்லிமீட்டர்) சோலார் வயர்ல 10 மீட்டர் இழுத்தாலும் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலதான் போகும். ஆனா அதே 10 மீட்டர கொன்ட்ரோலருக்கும் பற்றரிக்கும் நடுவில இழுத்தீங்கள் எண்டா 30 ஆம்பியர் ஓடி 3 வோல்ட் வயர்லயே சூடாப் போயிடும், 13ல 3! அதால கொன்ட்ரோலர், இன்வெட்டர், பற்றரி மூண்டும் பக்கத்தில பக்கத்தில, ஒரு மீட்டருக்குள்ள. 600 வாட் இன்வெட்டர் முழு லோட்ல 55, 60 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு 16 எம்.எம். வயர். பற்றரி பொசிட்டிவ்ல, முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள பியூஸ் கட்டாயம், இன்வெட்டருக்கு 80 ஆம்பியர், கொன்ட்ரோலருக்கு 40. பனல் பக்கத்துக்கு டி.சி. பிரேக்கர்தான் வேணும், வீட்டு ஏ.சி. பிரேக்கரப் போட்டா நிப்பாட்டக்குள்ள உள்ளுக்கு நெருப்புப் பொறி அணையாம நிண்டு எரியும்.

இன்வெட்டர் பியூர் சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரி ஒழுங்கான அலையாக் குடுக்கிறது) வாங்குங்க, மலிவு மொடிஃபைட் சைன் வேவ்ல ஃபேன் ங்ங்ங் எண்டு முனகிக்கொண்டே சூடாகும். இன்வெட்டர்ல இருந்து ரெண்டு பக்கமும் ப்ளக் வச்ச வயரால சுவர் பிளக்குக்குள்ள கரண்ட் குடுக்கிற வேலை மட்டும் வேணவே வேணாம், மெயின் போட்டிருந்தா அது வெளி லைனுக்கும் போய் ஆளக் கொல்லும், லைன் திரும்பி வந்தா இன்வெட்டரும் புகையும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் தனி வயர் இழுங்க, இல்லாட்டி லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன், இன்வெட்டர் ரெண்டில ஒண்டு மட்டும் வீட்டுக்குள்ள வர விடுறது) போடுங்க.

பூட்டக்குள்ள முதல்ல பற்றரிய கொன்ட்ரோலருக்குக் குடுங்க, திரையில 13 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டோணும், பிறகு பற்றரி வகைய லித்தியம் எண்டு செட் பண்ணி சார்ஜ் வோல்டேஜ் 14.4க்கு மேல போகாம வைங்க, அதுக்குப் பிறகுதான் பனல். கழட்டக்குள்ள பனல் முதல்ல, பற்றரி கடைசி. பனல் வயரச் சொருக முதல் மல்ட்டிமீட்டரால பொசிட்டிவ் நெகட்டிவ் ஒருக்கா பாருங்க, வெயில்ல பனலுக்கு ஓஃப் எண்டு ஒண்டு கிடையாது.

வருசத்தில புரட்டாசி முடியக்குள்ள ஒருக்கா மேல ஏறி போல்ட் இறுக்கி, கனெக்டர்ல பச்சை பிடிச்சிருக்கா பாத்து, காக்கா எச்சத்த விடியக்காலம சூடேற முதல் வெறும் தண்ணியால கழுவினாக் காணும். பிறகு ஃப்ரிட்ஜும் வேணும் எண்டு வீட்ட சொன்னா, இதுக்கு மேல இன்னொரு 12 வோல்ட் பற்றரி சேக்காம, 24 வோல்ட்ல புதுசா ஒரு கணக்குப் போடுங்க.