கென்யாவில் உங்கள் பணம் யாரிடம் இருக்கிறது? நிதித்துறையைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவின் நிதித்துறையைப் பற்றிப் பேசுவோர் செய்யும் முதல் தவறு, எம்-பெசாவை வங்கி என்று சொல்வது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் தொடங்கிய இந்தச் சேவை பணத்தை அனுப்பவும் பெறவும் வழி செய்கிறது. வாடிக்கையாளர் போட்ட பணத்தைத் தன் பணமாக எடுத்து அது வெளியே கடன் கொடுப்பதில்லை. எம்-பெசாவுக்காகப் பணம் வாங்கியும் கொடுத்தும் உதவும் ஏஜென்ட் கடையில் நடப்பதைச் சற்று நின்று பார்த்தாலே இது விளங்கும். வந்தவர் அடையாள அட்டையைக் காட்டி 1,000 ஷில்லிங் தாளை நீட்டுகிறார். கடைக்காரர் கைபேசியில் எண்ணை அழுத்திவிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். இருவருக்கும் குறுஞ்செய்தி வருகிறது. கடைக்காரரின் மின்னணு இருப்பில் 1,000 குறைந்து வந்தவரின் இருப்பில் அதே தொகை கூடுகிறது, தாள் மேசைப் பெட்டிக்குள் போகிறது. இதில் புதிய பணம் எதுவும் பிறக்கவில்லை. அந்த மின்னணு இருப்பைக் கடைக்காரர் முன்பே பணம் கட்டித்தான் பெற்றிருக்கிறார். அதற்கு ஈடான தொகை வணிக வங்கிகளில், வாடிக்கையாளர்களுக்காகத் தனியே வைக்கப்படும் டிரஸ்ட் கணக்குகளில் இருக்கிறது, அது சஃபாரிகாமின் சொத்தும் அன்று.

இதைப் புரிந்துகொண்டவர்கள்கூட அடுத்த படியில் வழுக்குகிறார்கள். அதே கைபேசியில், அதே எம்-பெசா மெனுவுக்குள் எம்-ஷ்வாரி என்ற சேமிப்பு, கடன் சேவை இருக்கிறது. 2012 இல் கமர்ஷியல் பேங்க் ஆஃப் ஆப்பிரிக்காவுடன் சேர்ந்து தொடங்கப்பட்ட இது, அந்த வங்கி 2019 இல் என்ஐசி வங்கியுடன் இணைந்தபின் என்சிபிஏ வங்கியின் சேவையாகத் தொடர்கிறது. எம்-பெசாவிலிருந்து எம்-ஷ்வாரிக்கு 500 ஷில்லிங் மாற்றினால், திரையில் எண் இடம் மாறுவதுபோல மட்டுமே தெரியும். உண்மையில் டிரஸ்ட் கணக்கின் பணமாக இருந்தது ஒரு வங்கியின் வைப்புத்தொகையாகிவிடுகிறது. 2019 இல் வந்த ஃபுலிசா என்ற, இருப்புக்கு மேல் செலவிட உதவும் மிகைப்பற்று வசதியிலும் கடன் கொடுப்பவை வங்கிகள்தாம். ஆகவே பணம் எந்தத் திரையில் தெரிகிறது என்பதை விட்டுவிட்டு, அதைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்பதைக் கேட்க வேண்டும்.

மத்திய வங்கிதான் எல்லா நிதி நிறுவனங்களையும் மேற்பார்வை செய்கிறது என்று எண்ணுவதும் தவறு. 1966 இல் நிறுவப்பட்ட கென்ய மத்திய வங்கியின் கீழ் வணிக வங்கிகளும் நுண்நிதி வங்கிகளும் வருகின்றன. 2022 ஆம் ஆண்டின் விதிமுறைகளுக்குப் பிறகு கைபேசிச் செயலி வழியே கடன் தருவோரும் அதனிடம் உரிமம் பெற வேண்டும். காப்பீடு, ஓய்வூதியம், பங்குச் சந்தை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஆணையங்கள் இருக்கின்றன.

சாக்கோ எனப்படும் சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கங்களின் நிலையே வேறு. கென்யாவின் நடுத்தரக் குடும்பம் நிலம் வாங்கியதும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம் கட்டியதும் பெரும்பாலும் இவற்றின் துணையால்தான் என்பதால், இவற்றை ஒரு வரியில் கடந்துபோகும் எந்த விளக்கமும் எனக்குக் குறையாகவே படுகிறது. பெரிய சாக்கோக்களை, 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான சாஸ்ரா என்ற ஆணையம் கண்காணிக்கிறது. சிறியவை கூட்டுறவு ஆணையரின் பொறுப்பில் உள்ளன. இங்கே உறுப்பினர் மாதந்தோறும் கட்டும் வைப்பு, கடனுக்கு அடிப்படையாக நிற்கும் தொகை; வழக்கமாக அதைப்போல் மூன்று மடங்கு வரை, சக உறுப்பினர்களின் ஜாமீனோடு கடன் கிடைக்கும். அவசரம் என்று நாளையே அந்த வைப்பை எடுக்க முடியாது. சங்கத்தை விட்டு விலகும்போதுதான் அது திரும்பும். உறுப்பினர் என்ற முறையில் தனியாகக் கட்டும் பங்குத்தொகையை அப்போதும் திருப்பித் தரமாட்டார்கள், இன்னோர் உறுப்பினருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இதை வங்கிச் சேமிப்புக் கணக்குபோல நினைத்துக் கையிலிருந்த முழுச் சேமிப்பையும் போட்டுவிட்டு, மருத்துவச் செலவு வரும்போது தவிப்பவர்களை எண்ணினால் மனம் வருந்துகிறது.

வங்கி முடங்கினால் வைப்புத்தொகையை ஒரு வரம்புவரை ஈடுகட்டும் வைப்புக் காப்பீட்டைப் பற்றிய தவறு இதைவிட விலையுயர்ந்தது. கென்ய வைப்புக் காப்பீட்டுக் கழகம் வங்கிகளுக்கும் நுண்நிதி வங்கிகளுக்கும் மட்டுமே பொறுப்பேற்கிறது. சாக்கோக்கள் அதன் குடைக்குள் இல்லை. 2020 ஜூலையில் 1 லட்சம் ஷில்லிங்கிலிருந்து 5 லட்சமாக உயர்த்தப்பட்ட வரம்பு, ஒரு நிறுவனத்தில் ஒருவர் வைத்திருக்கும் எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்துத்தான். ஒரே வங்கியில் மூன்று கணக்கு திறந்துவிட்டு மூன்று பங்கு பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்புவது வீண். 2015 ஆகஸ்டில் துபாய் பேங்க், அக்டோபரில் இம்பீரியல் பேங்க், 2016 ஏப்ரலில் சேஸ் பேங்க் என்று எட்டே மாதங்களில் மூன்று வங்கிகள் முடங்கியபோது வரம்பு 1 லட்சமாகவே இருந்தது. அதற்கு மேல் போட்டிருந்தவர்கள் மீட்பு நடவடிக்கைகளுக்காகக் காத்துக்கிடந்தார்கள். அந்தச் சேஸ் வங்கிக்கும் அமெரிக்காவின் ஜேபி மோர்கன் சேஸுக்கும் எந்த உறவும் இல்லை. பெயரைக் கொண்டு பின்புலத்தை ஊகிப்பதையும் விட்டுவிட வேண்டும்.

பழைய தகவல்களை இன்றைய நிலையாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நேர்கிறது. கடன் வட்டிக்கு 2016 இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு 2019 நவம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. வங்கிகளின் குறைந்தபட்ச மூலதனத்தை 100 கோடி ஷில்லிங்கிலிருந்து படிப்படியாக 2029 க்குள் 1,000 கோடியாக உயர்த்த 2024 இல் சட்டம் திருத்தப்பட்டது. சிறிய வங்கிகளில் சில புதிய முதலீட்டாளரைத் தேட வேண்டியிருக்கும், சில பெரியவற்றோடு இணைய வேண்டியிருக்கும். எனவே இன்று கையிலுள்ள வங்கிப் பட்டியலை, உரிமம் பெற்றவை என்று மத்திய வங்கி வெளியிடும் பட்டியலோடு ஆண்டுதோறும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது அவசியம்.