ஊதியத்தோடு இதழியல் பயிற்சி பெறுவது எப்படி: வேலூர் வட்டார மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு

வேலூர், காட்பாடி, குடியாத்தம், வாணியம்பாடி பக்கத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் செய்தித்துறைக்கு வர நினைக்கும் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு, ‘கொஞ்ச நாள் சும்மா வந்து பழகுங்கள், பிறகு பார்க்கலாம்’ என்ற பதில் கிடைக்கக்கூடும். அந்த அழைப்பை ஏற்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊதியமில்லாப் பயிற்சி எவருக்கும் சுமைதான். ஆனால் டவுன் பஸ்ஸில் ஏற முடியாமல் தினமும் ஆட்டோவுக்குக் கொடுப்பவருக்கும், துணைக்கு ஒருவரை அழைத்து வர வேண்டியவருக்கும் அந்தச் சுமை இரண்டு மடங்காகிறது. வீட்டில் வசதி உள்ளவர் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பார். இல்லாதவர் இரண்டாம் மாதமே நின்றுவிடுவார், ஆர்வம் போதாது என்ற பேரும் அவருக்கே வந்து சேரும். ஆகவே ஊதியத்தையும், வேலை செய்வதற்கு உங்களுக்குத் தேவைப்படும் ஏற்பாடுகளையும் சேரும் முன்பே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்வதே இந்த வழிகாட்டியின் மையம்.

முதலில் ஆவணங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். மருத்துவச் சான்றும் யுடிஐடி என்னும் தேசிய அடையாள அட்டையும் இல்லாவிட்டால், வேலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுக வேண்டும். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆகிவிட்டதால், வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் திருப்பத்தூரிலும், வாலாஜா, ஆற்காட்டுக்காரர்கள் ராணிப்பேட்டையிலும் விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும், தலசீமியா, ஹீமோபிலியா உள்ளவர்களும் அதில் அடங்குவர். அரசின் பராமரிப்பு உதவித்தொகை பெறுபவராக இருந்தால், பயிற்சி ஊதியம் வாங்கத் தொடங்கியதும் அது தொடருமா என்பதை அதே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணிக்குச் செல்பவர்களுக்கு அரசு வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், பார்வைக் குறைபாடும் செவிக்குறைபாடும் உள்ளவர்களுக்கான திறன்பேசி ஆகியவற்றுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

அடுத்து, இடம் தேடுவது. தினத்தந்தி, தினகரன் போன்ற நாளிதழ்களுக்கு வேலூர்ப் பதிப்பே உண்டு என்பதால், சென்னைக்குப் போனால்தான் பயிற்சி என்று எண்ண வேண்டியதில்லை. வட்ட அளவில் பகுதிநேர நிருபராகச் சேர்வதும் ஒரு வழிதான். ஆனால் அங்கே வருமானம் பெரும்பாலும் வெளியான செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் வரும் என்பதையும், அதையே மாதச் சம்பளம் போல் நம்பியிருக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் நெடுங்காலமாக இருக்கிறது.

பட்டதாரிகள் பலர் கவனிக்காத வழி ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை (அப்ரண்டிஸ்) சேர்த்துக்கொள்ள வேண்டும். கலை, அறிவியல் பட்டதாரிகளும் இதில் சேரலாம். 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. இப்போதைய தொகையை நாட்ஸ் எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்ட இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இத்திட்டத்தின் கீழ் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. ‘பயிற்சிக்கு எடுக்கிறோம், ஆனால் கொடுக்கப் பணமில்லை’ என்று சொல்லும் பத்திரிகையின் மனிதவளப் பிரிவிடம், நாட்ஸில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பணிவாகக் கேளுங்கள். இத்திட்டத்தை நடத்தும் தென்னிந்தியாவுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

இதழியல் பட்டம் இல்லையே என்ற கவலை பலரைத் தடுக்கிறது. ஆசிரியர் ஒருவர் பட்டத்தைவிட முன்பு பார்ப்பது நீங்கள் எழுதிய செய்தியைத்தான். ஆகவே விண்ணப்பத்தோடு மூன்று மாதிரிச் செய்திகளை இணையுங்கள். மூன்றும் உங்கள் ஊரிலிருந்து வரட்டும். அவற்றில் ஒன்றுக்கு மேல் மாற்றுத்திறனாளிகளைப் பற்றியதாக இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மூன்றும் அப்படியே இருந்தால் ‘இவருக்கு அந்தப் பகுதியை மட்டும் கொடுக்கலாம்’ என்று முடிவு செய்துவிடுவார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கும் வங்காள, வடகிழக்குக் குடும்பங்கள் எங்கே சமைக்கின்றன, என்ன வாடகை தருகின்றன என்பது ஒரு செய்தி. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் குறித்துத் தீர்ப்பளித்த பிறகு, பாலாற்றங்கரையில் உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் இன்று எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் உழவர் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதும் செய்திதான்.

மாற்றுத்திறனாளிகள் தொடர்பான ஒரு செய்தியை எழுதினால், அளந்து எழுதுங்கள். ஒரு வங்கியின் வாசலில் சாய்தளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு நாடாவைப் பிடித்துப் படியின் உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் எடுக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டடி உயரத்துக்கு எட்டடி நீளத்தில் கட்டியிருந்தால், அந்த இரண்டு எண்களே செய்தியின் முதல் வரியாகிவிடும். பிறகு மேலாளரிடம் பதில் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். அலைய முடியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மிகச் சிறந்த கருவி: 10 ரூபாய்க் கட்டணத்தில் கேள்வி அனுப்பினால், 30 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர அலுவலகம் கடமைப்பட்டுள்ளது.

நேர்காணலுக்கு முன்பே உங்களுக்கான ஏற்பாடுகளைப் பற்றி ஒரு சிறு கடிதம் எழுதிவிடுங்கள். உடல்நலக் குறைபாட்டின் வரலாறு அதில் வேண்டாம். எந்த வேலையை எப்படிச் செய்வீர்கள், எதற்கு மட்டும் உதவி தேவை என்பதை மட்டும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: ‘நான் பார்வையற்றவன். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் மூலம் தமிழில் தட்டச்சு செய்கிறேன். செய்திகளை யூனிகோடில் அனுப்பினால் நானே படித்துத் திருத்தித் தருவேன். பக்க வடிவமைப்பைச் சரிபார்க்க மட்டும் உடன் பணியாற்றும் ஒருவரின் உதவி வேண்டும்.’ நான்கே வரிகள். ஆனால் ஆசிரியரின் மனத்தில் எழும் பாதிக் கேள்விகளுக்கு இவை பதில் சொல்லிவிடும். யூனிகோடு என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம், ஏனெனில் அச்சுப் பக்கங்களுக்குப் பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த கோப்புகளைத் திரைவாசிப்பான் தமிழாகவே படிக்காது. காது கேளாதவர்கள் செய்தியாளர் சந்திப்பின் அறிக்கையை முன்கூட்டியே வாங்கித் தரவும், பேச்சை எழுத்தாக்கும் கைபேசிச் செயலியைப் பயன்படுத்த முன்வரிசையில் இடம் ஒதுக்கவும் கேட்கலாம். சக்கர நாற்காலியில் செல்பவர்கள் செய்திப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது, லிப்ட் உண்டா, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்பதைத் தயங்காமல் கேட்க வேண்டும். செய்திகளைத் திருத்தும் நாளிதழ் டெஸ்க்கில் வேலை நள்ளிரவு வரை நீளும். மனநல மருந்து எடுத்துக்கொள்பவர்களும் தூக்கம் கெடக் கூடாதவர்களும் பகல் முறையைக் கேட்டு வாங்குவது முழுக்க நியாயமானது.

இப்படிக் கேட்பதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கான வசதிகளையும் உதவிக் கருவிகளையும் அதில் குறிப்பிட வேண்டும் என்றும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. விண்ணப்பிக்கும் பத்திரிகையின் அந்தக் கொள்கையைக் கேட்டுப் படியுங்கள். பிரிட்டனில் பிபிசி ‘எக்ஸ்டெண்ட்’ என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஊதியத்துடன் கூடிய பணிவாய்ப்புகளை நடத்தியிருக்கிறது. சைகைமொழி பெயர்ப்பாளர், பயணச் செலவு போன்றவற்றுக்கு அங்கே அரசே தனித் திட்டத்தில் உதவுகிறது. அவ்வளவு தூரம் போகாமல் வேலூரிலேயே சான்று காட்டலாம். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பின்னர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவத் துறையையே உருவாக்கினார். அறுவை அரங்கில் முடிந்தது செய்தி அறையிலும் முடியும்.

இடம் உறுதியானதும் நியமனக் கடிதத்தை வாங்குங்கள். மாத ஊதியம், அது வரவு வைக்கப்படும் தேதி, பயிற்சிக் காலம், வேலை நேரம், செய்தி சேகரிக்கச் செல்லும் பயணத்துக்கும் கைபேசி டேட்டாவுக்கும் தனியாகத் தரும் தொகை, நீங்கள் கேட்ட ஏற்பாடுகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். ‘பயணப்படி உண்டு’ என்று வாயால் சொன்னது போதாது. காட்பாடியிலிருந்து பேர்ணாம்பட்டுக்கு ஆட்டோவில் போய்வந்த செலவை யார் தருவது என்ற பேச்சு வரும்போது கடிதம் மட்டுமே உதவும். சென்னையில் பயிற்சி என்றால், தங்கும் வாடகையைக் கழித்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். போதாதென்றால் வேலூர் அலுவலகத்திலேயே பயிற்சியின் ஒரு பகுதியை அமைத்துத் தரக் கேட்கலாம்.

சேர்ந்த பிறகு, ஒப்புக்கொண்ட ஏற்பாடு நடக்கவில்லையென்றால் முதலில் செய்தி ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேசித் தீர்ந்தாலும் பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்பிவையுங்கள். அதிலும் தீராவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். பாதிப் பயிற்சி முடியும்போது, எந்தெந்தத் துறைச் செய்திகள் உங்களுக்குக் கொடுக்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். நீதிமன்றம், மாநகராட்சி, வேளாண்மை எதுவும் வராமல் நலத்திட்ட விழாக்கள் மட்டுமே வந்திருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். வெளியான ஒவ்வொரு செய்தியையும் தேதி, பக்க எண்ணோடு தனிக் கோப்பில் சேமித்து வையுங்கள், ஏனெனில் அடுத்த வேலைக்கான நேர்காணலில் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.