அநீதியைப் பேசும் நாவலில் படிமங்களைப் பாத்திரங்களோடு சேர்த்து வாசிப்பது எப்படி?

சமூக அநீதியைப் பற்றிய நாவலை ஆராய்ந்து எழுதுவோர் பலர் புழுதி, சங்கிலி, இருட்டு என்று படிமங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை எழுதி முடித்துவிடுகிறார்கள். பாத்திரங்கள் அதில் காணாமல் போகிறார்கள். ஒரு படிமத்தைக் கண்டதும், அதை யார் காண்கிறார், அது யாருடைய உடலில் படுகிறது, அதன்பின் அவருடைய செயலில் என்ன மாறுகிறது என்பவற்றையே முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' ('சினத்தின் திராட்சைகள்') நாவலை எடுத்துக்கொள்வோம். முதல் அத்தியாயத்தில் அமெரிக்க மாநிலமான ஓக்லஹோமாவின் வயல்களைப் புழுதி மூடுகிறது. புழுதி வறுமையைக் குறிக்கிறது என்று எழுதிவிடலாம். அதனால் பயன் அதிகமில்லை. பாழான சோளப்பயிரை ஆண்கள் பார்த்து நிற்க, பெண்களோ அந்த ஆண்களின் முகங்களைக் கவனிக்கிறார்கள். அம்முகங்களில் திகைப்பு நீங்கிச் சினம் ஏறிய பிறகே, ஆண்கள் உடைந்துபோகவில்லை என்று பெண்கள் தேறுகிறார்கள். தலைப்பில் உள்ள சினம் இங்கேயே முளைவிட்டுவிடுகிறது.

ஐந்தாம் அத்தியாயத்தின் டிராக்டர் ஓட்டுநர் இன்னும் கூர்மையான சான்று. கையுறையும் காப்புக்கண்ணாடியும் மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் முகமூடியும் அணிந்திருப்பதால், தான் உழும் மண்ணை அவனால் உள்ளபடி காணவோ முகரவோ முடிவதில்லை. நண்பகலில் உணவுக்காக அவற்றைக் கழற்றும்போது, கண்களையும் வாயையும் சுற்றி வெள்ளை வட்டங்கள் தெரிகின்றன. அவன் தன் அண்டை வீட்டாரின் மகன் என்று குத்தகை விவசாயி அடையாளம் கண்டுகொள்கிறார். நாளுக்கு 3 டாலர் கூலிக்காகத் தன் மக்களையே வெளியேற்றும் ஒருவனை முகமூடி முகமற்றவனாக்குகிறது. அது கழன்றதும், யார்மீது கோபப்படுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் விவசாயி தடுமாறுகிறார். முகமூடியின் விளைவு இருவரிடத்திலும் வெவ்வேறாக இருப்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

25ஆம் அத்தியாயத்தில் ஆரஞ்சுப் பழங்கள்மீது மண்ணெண்ணெய் ஊற்றப்படுவதைப் பசித்தவர்கள் பார்க்கிறார்கள். அங்கே பெயருள்ள பாத்திரமே இல்லை. கூட்டத்தையே ஒரு பாத்திரமாகக் கொள்ளலாம்.

எழுதி முடித்தபின், 'குறிக்கிறது', 'உணர்த்துகிறது' என்று முடியும் வாக்கியங்களைத் தேடி, பாத்திரத்தை எழுவாயாக்கித் திருத்தி எழுதுங்கள். அவ்வாறு மாற்ற முடியாத வாக்கியம் வெறும் அலங்காரத்தைப் பற்றியதாக இருக்கக்கூடும். பெரும்பாலும் அதை நீக்கிவிடலாம்.